கோடம்பாக்கம்

ஒரு கலை அரங்கேறிச் சிறப்பதற்குக் கலைஞர் ஒருவர் மட்டும் போதார். அவருக்குப் பின்னே பலர் நின்று உழைத்தல் வேண்டும். இவ்வுண்மையைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி என்னும் ஆடல்மகளின் அரங்கேற்றத்தைக் கூற வந்த இளங்கோவடிகள், அவளை மட்டும் கூறி அமையவில்லை. ஆடலாசான், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலூதுவோன், யாழ் மீட்டுவோன் ஆகியோருடைய திறங்களை ஒவ்வொன்றாக விரித்துரைக்கின்றார். அரங்கின் அளவுகளையும், அதற்குரிய மூவகைத் திரைச்சீலைகளையும் கூறுகின்றார். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கை நிறுத்தியதனையும் அவர் கூற மறந்தாரல்லர். அவ்விளக்கை ஏந்தி வந்து உரிய இடத்தில் வைத்தவன் யாவன்? அவன் பெயர் காப்பியத்தில் இல்லை. ஆயினும் அவன் பிழை செய்திருப்பின் மாதவியின் முகத்தில் நிழல் படிந்திருக்கும். ஆடலின் அழகும் குன்றியிருக்கும்.

நம் காலத்துத் திரைப்படமும் இத்தகைய கூட்டு முயற்சியே. ஊர் கூடித் தேர் இழுப்பது போலப் பலர் கூடி உழைத்தாலன்றி ஒரு படம் உருவாதல் இயலாது. தமிழ்நாட்டில் இத்தொழில் நிலைபெற்று வளர்ந்த இடம் சென்னை மாநகரின் மேற்குப் பகுதியில் அமைந்த கோடம்பாக்கம் ஆகும். ஓர் ஊரின் பெயரே ஒரு தொழிலின் பெயராக மாறுதல் அரிது. அப்பெருமை கோடம்பாக்கத்திற்குக் கிட்டியது. 'கோடம்பாக்கத்தை நாடிச் சென்றான்' என்றால், திரைப்படத் தொழிலை நாடிச் சென்றான் என்பதே பொருள். அமெரிக்காவின் ஹாலிவுட்டை ஒட்டித் தமிழ்த் திரையுலகைக் 'கோலிவுட்' என்று பலர் வழங்குவதும் இவ்வூர்ப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டேயாம். இவ்வூர் இப்புகழை எவ்வாறு எய்தியது என்பதையும், யாருடைய உழைப்பால் எய்தியது என்பதையும் அறிவது பயனுடையது.

பிரான்சு நாட்டு லூமியேர் உடன்பிறந்தார் 1895-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் பாரிசு நகரில் கட்டணம் பெற்று அசையும் படங்களைக் காட்டினர். ஓராண்டு நிறைவதற்குள், 1896 ஜூலை 7-ஆம் நாள், அப்படங்கள் பம்பாய்க்கு வந்து சேர்ந்தன. தமிழ்நாட்டில் இப்புதுமையை ஊரூராகக் கொண்டு சென்றவர் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர். திருச்சியில் புகைவண்டித் துறையில் ஊழியம் செய்துவந்த இவர், 1905-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படங்காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார், வேலையைத் துறந்தார், கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். கோவையில் 1914-ஆம் ஆண்டில் 'வெரைட்டி ஹால்' என்னும் நிலையான கொட்டகையை நிறுவியவரும் இவரே.

சென்னையிலும் கொட்டகைகள் தோன்றின. இன்று அண்ணா சாலை எனப்படும் மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்னும் ஆங்கிலேயர் 1913-ஆம் ஆண்டில் 'எலெக்ட்ரிக் தியேட்டர்' என்னும் கொட்டகையை அமைத்தார். அக்கட்டடம் பிற்காலத்தில் அஞ்சல் துறையின் உடைமையாயிற்று. 1914-ஆம் ஆண்டில் ரகுபதி வெங்கையா என்பவர் 'கெயிட்டி' என்னும் கொட்டகையைத் திறந்தார். தொடர்ந்து அவர் தங்கசாலையில் 'கிரவுன்' கொட்டகையையும், புரசைவாக்கத்தில் 'குளோப்' கொட்டகையையும் அமைத்தார்.

இவற்றுள் தங்கசாலை, சென்னையின் வடபகுதியைச் சேர்ந்தது. கோடம்பாக்கத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் இவ்வட பகுதியையே காணுதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் பகைவர் படையெடுப்புக்கு அஞ்சிக் கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னைப் பட்டணத்தின் வடக்கிலும் மேற்கிலும் பெருமதில் எழுப்பினர். அம்மதிலுக்கென விதிக்கக் கருதிய வரியின் பெயரே, மேற்கு மதிலை ஒட்டிச் செல்லும் வால்டாக்ஸ் சாலையின் பெயராக நிலைத்தது. இவ்விரு மதில்களும் கூடிய மூலையில் நின்ற கொத்தளமே மூலக்கொத்தளம் என வழங்கலாயிற்று என்பர். மதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது, பெயர் மறையவில்லை.

மூலக்கொத்தளத்திற்குக் கிழக்கே துறைமுகமும், தெற்கே சென்ட்ரல் புகைவண்டி நிலையமும் உள்ளன. நாட்டிற்குள் புதிதாக வரும் பொருள் எதுவாயினும் கப்பலில் ஏறித் துறைமுகத்தில் இறங்கும். அன்றேல் புகைவண்டியில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கும். படம் பிடிக்கும் கருவியும், படச்சுருளும் அவ்வாறே வந்தன. மூலக்கொத்தளத்தை அடுத்த பேசின் பிரிட்ஜில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நகருக்கு மின்சாரம் ஆக்கித் தரும் நிலையம் ஒன்றும் அமைந்தது. அந்நாளில் நிலக்கரியை எரித்து அங்கே ஆக்கிய மின்சாரமே சென்னையின் தெருக்களுக்கும் இல்லங்களுக்கும் ஒளி தந்தது. மின்சாரம் இன்றித் திரைத்தொழில் வளர்தல் இயலாது என்பது பின்னர் விளங்கும்.

தொடக்கத்திலோ திரைத்தொழில் கதிரவனையே விளக்காகக் கொண்டிருந்தது. வேலூரைச் சேர்ந்த ஆர். நடராச முதலியார் சென்னையில் வண்டி உறுப்புகள் விற்கும் வாணிகம் செய்துவந்தவர். படம் பிடிக்கும் கலையில் வேட்கை கொண்டு, ஸ்டூவர்ட் சுமித் என்னும் ஆங்கில ஒளிப்பதிவாளரிடம் அதனைக் கற்றார். கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஒரு படப்பிடிப்பு நிலையம் அமைத்து, 1917-18-ஆம் ஆண்டுகளில் 'கீசக வதம்' என்னும் படத்தை எடுத்தார். தென்னாட்டில் எடுக்கப்பெற்ற முதல் கதைப்படம் அதுவே. வெயிலின் கடுமையைத் தணிக்க மேலே வெண்துணியைக் கட்டி, அதன் வழியே கசிந்து வரும் ஒளியில் படம் பிடித்தனர். படச்சுருளைக் கழுவி உருவம் துலங்கச் செய்வதற்குக் குளிர்ச்சி வேண்டும். ஆதலின் அப்பணி பெங்களூரில் நடைபெற்றது. முதலியார் மேலும் சில படங்களை எடுத்தார். பின்னர் அவருடைய நிலையம் தீக்கிரையாயிற்று. மகனையும் அவர் இழந்தார். 1923-ஆம் ஆண்டில் அவர் இத்தொழிலை விட்டு நீங்கினார்.

ஊமையாயிருந்த படம் பின்னர் வாய் திறந்தது. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், தமிழ் ஒலித்த முதற்படமாகிய 'காளிதாஸ்' சென்னையில் திரையிடப்பெற்றது. டி. பி. ராஜலட்சுமி அதன் கதைத் தலைவியாக நடித்தார்; எச். எம். ரெட்டி இயக்கினார். இப்படம் எடுக்கப்பெற்ற இடம் பம்பாய். படச்சுருள் அடங்கிய பெட்டி சென்ட்ரல் நிலையத்தில் வந்திறங்கியபோது மக்கள் திரண்டு வந்து, தேங்காய் உடைத்து, மலர் தூவி, வால்டாக்ஸ் சாலை வழியே ஊர்வலமாகக் கொண்டு சென்றனர் என்பர். ஜார்ஜ் டவுனில் 'கினிமா சென்ட்ரல்' என்னும் பெயருடன் விளங்கிய கொட்டகையில் அப்படம் ஓடியது. அக்கொட்டகை பிற்காலத்தில் 'முருகன்' எனப் பெயர் மாறியது. தமிழ் பேசும் படத்தைத் தமிழ் மக்கள் முதன்முதல் கண்டும் கேட்டும் களித்தது இவ்வாறு பழைய மதிலின் நிழலிலேயாம்.

பேசும் படங்களுக்கு வேண்டிய கருவிகள் சென்னையில் அப்போது இல்லை. ஆகவே தமிழ் நடிகரும் பாடகரும் பம்பாய்க்கும், கல்கத்தாவுக்கும், கோலாப்பூருக்கும் மூட்டை முடிச்சுகளுடன் பயணம் செய்தனர். இக்குறையைப் போக்கியவர் ஏ. நாராயணன் ஆவார். அவர் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் 'ஸ்ரீனிவாசா சினிடோன்' என்னும் நிலையத்தை நிறுவி, 1934-ஆம் ஆண்டில் 'ஸ்ரீனிவாச கல்யாணம்' என்னும் படத்தை வெளியிட்டார். சென்னையிலேயே எடுத்த முதல் பேசும் படம் இதுவாகும். இதற்கு ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவியார் மீனாட்சி. பெண்கள் நடிக்க முன்வருவதையே உலகம் இகழ்ந்த காலத்தில், ஒரு தமிழ்ப் பெண்மணி ஒலிப்பதிவுக் கருவியைத் திறம்பட இயக்கினார் என்பது எண்ணிப் பாராட்டத்தக்கது. அந்நாளில் திறந்த வெளியில் படப்பிடிப்பு நிகழ்ந்தமையால் காக்கை கரைந்தாலும் ஒலிப்பதிவு கெடும். காக்கை ஓட்டுவதற்கென்றே ஆள் நிறுத்தப்பட்டதாகக் கூறுவர்.

இதனால் ஓர் உண்மை புலனாகும். ஊமைப் படத்திற்கு ஒளி மட்டும் போதும். பேசும் படத்திற்கு ஒளியும் வேண்டும், அமைதியும் வேண்டும். வெளியோசை புகாத நான்கு சுவர்களுக்குள் புகுந்தால் கதிரவனின் ஒளி கிட்டாது. அங்கே மின்விளக்கே துணை. ஆகவே பரந்த நிலமும், அமைதியான சூழலும், தடையற்ற மின்சாரமும் ஒருங்கே அமைந்த இடத்தைத் திரைத்தொழில் தேடலாயிற்று. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்சும், கோவையில் சென்ட்ரல், பட்சிராஜா ஆகிய நிலையங்களும் புகழுடன் விளங்கின. சென்னை மவுண்ட் ரோட்டில் எஸ். எஸ். வாசன் நடத்திய ஜெமினி நிலையம் 1948-ஆம் ஆண்டில் 'சந்திரலேகா'வை வெளியிட்டு நாடெங்கும் பெயர் பெற்றது. எனினும் நிலையங்கள் பல ஒரே வட்டாரத்தில் நெருங்கி அமைந்தமை கோடம்பாக்கத்திற்கே உரிய சிறப்பு.

கோடம்பாக்கம் அந்நாளில் தோப்பும் வயலும் சூழ்ந்த சிற்றூர். ஆர்க்காட்டு நவாபின் குதிரைகள் இங்கே பேணப்பட்டன என்றும், குதிரைத் தோட்டம் எனப் பொருள்படும் உருதுச் சொல்லே கோடம்பாக்கம் எனத் திரிந்தது என்றும் சிலர் கூறுவர். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் செல்லும் இருப்புப்பாதையில் 1931-ஆம் ஆண்டில் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. கோடம்பாக்கம் அப்பாதையில் உள்ளது. ஆகவே நகரின் ஓசையிலிருந்து விலகியும், நகருக்கு எளிதில் சென்று வரத்தக்க தொலைவிலும் அது அமைந்தது. நிலத்தின் விலையும் குறைவு. படப்பிடிப்பு நிலையம் அமைக்க விழைந்தோர்க்கு இதனினும் ஏற்ற இடம் வேறு யாது?

ஆயினும் நிலம் கிட்டிய அளவில் எல்லாம் கைகூடவில்லை. இரண்டாம் உலகப் போர் மூண்டது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டிய படச்சுருள் அரிதாயிற்று. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று அரசாங்கம் வரையறுத்தது. மின்சார இணைப்பும் எளிதில் கிடைக்கவில்லை. அதனால் ஏ. வி. மெய்யப்பன் காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகைகளை எழுப்பிப் படம் எடுத்தார். 1947-ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே உருவானதே. 1948-ஆம் ஆண்டில் அவர் தம் நிலையத்தைக் கோடம்பாக்கத்திற்கு மாற்றினார். மின்சாரம் இல்லாமையால் ஒரு நிலையம் நெடுந்தொலைவு செல்ல நேர்ந்ததும், பின்னர் மீண்டு வந்ததும் இத்தொழிலின் உயிர்நாடி எது என்பதைக் காட்டுகின்றன.

அதே 1948-ஆம் ஆண்டில் மூலா நாராயணசாமியும் பி. என். ரெட்டியும் வடபழனியில் வாகினி நிலையத்தை நிறுவினர். பின்னர் பி. நாகிரெட்டி அதனை ஏற்று நடத்தினார். விஜயா-வாகினி என இணைந்து அது பெருநிலையமாக வளர்ந்தது. இராமகிருஷ்ணாவும் அவர்தம் துணைவியார் பானுமதியும் பரணி நிலையத்தைச் சாலிக்கிராமத்தில் அமைத்தனர். எல். வி. பிரசாத் 1956-ஆம் ஆண்டில் பிரசாத் நிலையத்தைத் தொடங்கினார். ஆர்க்காடு சாலையின் இரு மருங்கிலும் இவ்வாறு நிலையங்கள் எழுந்தன. கோடம்பாக்கம் என்ற பெயர் வடபழனி, சாலிக்கிராமம், விருகம்பாக்கம் ஆகிய ஊர்களையும் தன்னுள் அடக்கிக் கொண்டது. குழந்தைகள் விரும்பிப் படித்த 'அம்புலிமாமா' என்னும் திங்களிதழை 1947-ஆம் ஆண்டில் தொடங்கிய நாகிரெட்டியும் சக்கரபாணியும், 'பாதாள பைரவி', 'மிஸ்ஸியம்மா', 'மாயாபஜார்' ஆகிய படங்களை ஆக்கியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்நிலையங்களில் தமிழ் மட்டும் ஒலிக்கவில்லை. தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி ஆகிய மொழிப் படங்களும் இங்கே எடுக்கப்பெற்றன. ஓர் அரங்கில் தமிழ் உரையாடலும், அடுத்த அரங்கில் தெலுங்கு உரையாடலும் நிகழும். ஒரே காட்சியமைப்பில் காலையில் ஒரு மொழியிலும் மாலையில் மற்றொரு மொழியிலும் படம் பிடிப்பதும் உண்டு. தென்னாட்டு மொழிகள் உடன்பிறந்தாரைப் போல ஒரு கூரையின்கீழ்க் கூடி வாழ்ந்த இடம் கோடம்பாக்கம் எனலாம்.

இனி, நிலையத்தினுள்ளே பணி நடைபெற்ற முறையைக் காண்போம். படப்பிடிப்பு அரங்கம் என்பது மிக உயர்ந்த கூரையும், ஓசை புகாத தடித்த சுவர்களும் உடைய பெருங்கூடம். கலை இயக்குநர் வரைந்து கொடுத்த படத்தைக் கண்டு, தச்சர் மரச்சட்டங்களைப் பொருத்துவர். சிற்பிகள் சாந்தினால் தூண்களும் சிலைகளும் வார்ப்பர். வண்ணம் தீட்டுவோர் பலகையைப் பளிங்காகவும், துணியை வானமாகவும் மாற்றுவர். நேற்று அரண்மனை நின்ற இடத்தில் இன்று குடிசை நிற்கும். ஆயிரம் கையால் கட்டிய அரண்மனை காட்சி முடிந்தவுடன் பிரிக்கப்படும். கட்டியவர் அதற்காக வருந்துவதில்லை. படத்தில் அது நிலைத்துவிட்டது என்பதே அவர்க்கு நிறைவு.

அடுத்து ஒளி. கூரையை ஒட்டி உயரத்தில் தொங்கும் மரப்பலகைப் பாதையில் விளக்குகள் வரிசையாக நிறுத்தப்படும். அவற்றைக் கையாளும் தொழிலாளர் அங்கேயே நின்று, கீழிருந்து ஒளிப்பதிவாளர் இடும் குறிப்பின்படி விளக்கைத் திருப்புவர், கூட்டுவர், குறைப்பர். கரிக்கோல்களின் நுனிகளுக்கிடையே மின்சாரத்தைப் பாய்ச்சி எரிக்கும் விளக்குகள் கண்ணைக் கூசச் செய்யும் ஒளியையும், தாங்கவொண்ணா வெம்மையையும் தந்தன. ஓசை பதிவாகும் வேளையில் மின்விசிறி சுழலலாகாது. சென்னையின் சித்திரை வெயிலில், அடைத்த அரங்கில், அவ்விளக்குகளுக்கு அருகே நின்றவர் நிலையை நாமே எண்ணிப் பார்க்கலாம். மார்கஸ் பார்ட்லி என்னும் ஒளிப்பதிவாளர் 'மிஸ்ஸியம்மா' போன்ற படங்களில் காட்டிய நிலவொளியை மக்கள் வியந்து போற்றினர். குளிர்ச்சி பொருந்திய அந்நிலவு, வெம்மையில் வியர்த்து நின்ற தொழிலாளரின் கைகளிலிருந்து பிறந்ததாகும்.

ஒலிக்கும் பல கைகள் வேண்டும். தொடக்கத்தில் நடிப்பவரே பாடவும் வேண்டியிருந்தது. வாத்தியக்காரர் படக்கருவியின் பார்வையில் படாமல் மறைந்திருந்து இசைப்பர். பின்னர்ப் பாட்டை முன்னரே பதிவு செய்து, அதற்கேற்ப நடிகர் வாயசைக்கும் முறை வந்தது. 1938-ஆம் ஆண்டில் வெளிவந்த 'நந்தகுமார்' என்னும் படத்தில் ஒருவர் பாட மற்றொருவர் வாயசைத்து நடித்தனர். இம்முறை பரவிய பின்னர், பாடுவோர், இசைப்போர், மொழிமாற்றிக் குரல் கொடுப்போர் எனப் புதிய தொழிலாளர் கூட்டமே கோடம்பாக்கத்தில் உருவாயிற்று.

பிடித்த படச்சுருள் அடுத்துப் பதனிடும் கூடத்திற்குச் செல்லும். இருளறையில் அதனைக் கழுவி, உலர்த்தி, படி எடுப்பர். பேசும் படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். அக்கணக்கின்படி ஒரு நிமிடத்திற்கு 90 அடிச் சுருள் செலவாகும். மூன்று மணி நேரப் படத்திற்கு ஏறத்தாழ 16,000 அடி வேண்டும். பிடித்ததோ அதனினும் பன்மடங்கு. படத்தொகுப்பாளர் அச்சுருளைக் கண்ணால் நோக்கி, கத்தரித்து, ஒட்டிக் கதை தொடர்ந்து செல்லுமாறு அமைப்பர். ஒரு நொடியில் இருபத்துநான்கில் ஒரு பங்கும் அவருடைய பார்வைக்குத் தப்பாது. பழைய சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. ஆதலின் அதனைக் கையாள்வோர் நெருப்பின் அருகே வாழ்வோரைப் போல விழிப்புடன் இருக்க வேண்டியிருந்தது.

இவ்வாறு உழைத்தவர்களின் பெயர்களை மக்கள் அறிந்தாரல்லர். அவர்கள் அறிந்தவை திரையில் தோன்றிய முகங்களே. கோடம்பாக்கம் இருப்புப்பாதைக் கடவில் ரெயில் வரும்போது கதவை அடைப்பர். நடிகரின் கார்கள் அங்கே காத்து நிற்கும். அவர்களைக் காண மக்கள் கூடுவர். 1960-களில் மேம்பாலம் எழுந்த பின்னர் அக்காட்சி மறைந்தது. திரையில் கண்ட முகங்களால் ஈர்க்கப்பட்டுச் சிற்றூர்களிலிருந்து கையில் காசின்றி ஓடிவந்த இளைஞர் எண்ணற்றோர். அவருட் சிலர் உயர்ந்தனர். பலர் கூட்டத்துள் ஒருவராய் நின்று நாட்கூலி பெற்றனர். வறுமையில் வாடித் திரும்பியோரும் உளர். வேட்கை மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்பதை உணர்ந்தே, 1945-ஆம் ஆண்டில் சென்னையில் அரசினர் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் திரைப்படத் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பெற்றது. அதுவே வளர்ந்து தரமணியில் எம். ஜி. ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனமாக விளங்குகின்றது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றை முறையாகக் கற்ற பலரை அது உருவாக்கியுள்ளது.

நாட்கூலியை நம்பி வாழ்ந்த தொழிலாளர் தனித்தனியே நின்றால் நலம் பெறுதல் அரிது என்பதை உணர்ந்தனர். இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன், ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ் முதலியோர் அவர்களை ஒன்றுதிரட்டப் பாடுபட்டனர். பல துறைச் சங்கங்களும் இணைந்து 1967-ஆம் ஆண்டில் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் உருவாயிற்று. இந்திய நாடாளுமன்றமும் 1981-ஆம் ஆண்டில் திரைத்தொழிலாளர் நலனுக்கெனச் சட்டங்களை இயற்றியது. எனினும் இடர் முற்றும் நீங்கவில்லை. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னைக்கு அருகே நடந்த படப்பிடிப்பு ஒன்றில் பளுதூக்கி சாய்ந்து மூவர் உயிர் துறந்தனர். கண்டு களிக்கும் காட்சிக்குப் பின்னே எத்துணை இடர் உண்டு என்பதற்கு இது சான்று.

படத்தை ஆக்குவோரைப் போலவே அதனைக் காண்போரும் இத்தொழிலைத் தாங்கி நின்றவர்களே. கோடம்பாக்கத்தில் ஆக்கிய படம் வடசென்னைக் கொட்டகைகளுக்கு வரும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், பின்னி ஆலையில் நெய்தோரும், இராயபுரத்து மீனவரும், திருவொற்றியூர் எண்ணூர்த் தொழிற்சாலைகளில் உழைத்தோரும் அன்றைய களைப்பு நீங்கத் தரை டிக்கெட் வாங்கி அமர்ந்தனர். தண்டையார்பேட்டை அகஸ்தியா கொட்டகை 1967-ஆம் ஆண்டிலிருந்து 2020-ஆம் ஆண்டு வரை இவ்வட்டார மக்களுக்குப் படம் காட்டியது. மூலக்கொத்தளத்திலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் வாழ்ந்தோர் அளித்த சிறு காசுகளே ஒன்றுசேர்ந்து, நகரின் மறு கோடியில் அரங்கங்களாக எழுந்தன. ஆகவே கோடம்பாக்கத்தின் புகழில் வடசென்னைக்கும் பங்குண்டு.

காலம் மாறிற்று. தெலுங்குப் படத்தொழில் ஐதராபாத்தை நோக்கி நகர்ந்தது. அங்கே 1976-ஆம் ஆண்டில் அன்னபூர்ணா நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையாள, கன்னடப் படத்தொழில்களும் தத்தம் நாட்டில் வேரூன்றின. 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பதினாறு வயதினிலே', அரங்கை விட்டுச் சிற்றூரின் மண்ணிலேயே கதையைப் படம் பிடித்துக் காட்டியது. அதனைப் பின்பற்றிப் பலரும் வெளிப்புறங்களுக்குச் சென்றனர். கோடம்பாக்கத்தின் நிலமதிப்போ வானளாவ உயர்ந்தது. நிலையங்கள் பல மூடப்பெற்று, அவ்விடங்களில் மருத்துவமனையும், திருமண மண்டபமும், வணிக வளாகமும், அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. 2010-ஆம் ஆண்டுக்குப் பின்னர் எண்ணியல் முறை பரவியது. படச்சுருளும் பதனிடும் கூடங்களும் வழக்கொழிந்தன. 2024-ஆம் ஆண்டில், பூந்தமல்லியை அடுத்துப் புதிய திரைப்பட நகர் ஒன்று அமைக்கப்படும் எனத் தமிழக அரசு அறிவித்தது.

இம்மாற்றம் கோடம்பாக்கத்திற்கு மட்டும் உரியதன்று. ஹாலிவுட்டிலும் பெருநிலையங்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் சென்றுவிட்டன. பெயர் மட்டும் அத்தொழில் முழுவதையும் குறித்து நிற்கின்றது. மதில் மறைந்த பின்னும் மூலக்கொத்தளம் என்ற பெயர் நிற்பது போலவே, அரங்கங்கள் மறைந்த பின்னும் கோடம்பாக்கம் என்ற பெயர் நிற்கின்றது. தொழில் சுவரில் இல்லை. அதனைக் கற்ற கைகளில் உள்ளது. கைகள் சென்ற இடத்திற்குத் தொழிலும் செல்லும்.

ஆயினும் ஓர் இழப்பு மீட்க இயலாதது. 'கீசக வதம்' இன்று காணக் கிடைக்கவில்லை. தேங்காய் உடைத்து வரவேற்ற 'காளிதாஸ்' படத்தின் படியும் இல்லை. தீக்கும் ஈரத்திற்கும் இரையானவை பல. சுருளில் உள்ள வெள்ளிக்காக அழிக்கப்பட்டவை சில. ஓடி முடிந்த படத்தால் இனி யாது பயன் என எண்ணி எறிந்தவை எத்தனையோ! இந்திய அரசு 1964-ஆம் ஆண்டில் புனே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை நிறுவிய பின்னரே, எஞ்சியவற்றைத் தேடித் தொகுக்கும் பணி முறையாக நடைபெறலாயிற்று. ஏ. வி. எம். நிலைய வளாகத்தில் 2023-ஆம் ஆண்டில் பழைய கருவிகளைக் காட்சிக்கு வைத்த அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பெற்றது. ஏட்டுச் சுவடிகளைச் செல்லுக்கும் ஆடிப்பெருக்கு வெள்ளத்திற்கும் இழந்து, பின்னர் ஊரூராகச் சென்று தேடிய வரலாறு தமிழர்க்குப் புதிதன்று. அப்படிப்பினையைத் திரைப்படச் சுருளிலும் நாம் மறுமுறை பெற வேண்டியதாயிற்று.

ஒரு படம் முடிந்து திரையில் பெயர்கள் ஓடும்போது கொட்டகையில் இருப்போர் எழுந்து செல்வது வழக்கம். அப்பெயர்களுள் தச்சரும், தையற்காரரும், ஒப்பனை செய்தோரும், விளக்கேந்தியோரும் இருப்பர். மாதவியின் அரங்கில் நிழல் விழாமல் விளக்கை வைத்தவனுடைய பெயரை நாம் அறியோம். அவன் வழிவந்தோருடைய பெயர்களையோ நாம் கண்ணெதிரே காண்கிறோம். அவற்றைப் படித்து முடிக்கும் வரையில் இருக்கையில் அமர்ந்திருத்தல் பெரிய செயலன்று. ஆயினும் உழைப்பை மதிக்கும் உள்ளம் அத்தகைய சிறு செயலிலேதான் தொடங்குகின்றது.